பேசக் கூடாத அறை

ஊசி போட்ட பிறகு பேசக் கூடாது என்று டெக்னீஷியன் சரண்யாதேவி சொன்னபோது தேவகனிக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த அறையில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

சாலை பிரியும் மாப்பிள்ளையூரணி விலக்கில் புதிதாகத் திறந்திருந்த ஸ்கேன் சென்டரின் பின்பக்கத்தில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத்தகடு வைத்திருந்ததால் சரண்யாதேவி அதைத் தோளால் தள்ளித்தான் திறந்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் ஒரு கேமரா. வெளியே உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருக்க, உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொட்டது.

“இது சர்க்கரை மாதிரி ஒரு மருந்தும்மா. கூடவே கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும். உடம்புல எது ரொம்ப வேலை செய்யுதோ அது இந்தச் சர்க்கரைய இழுத்துக்கிடும். கேன்சர் செல்லு பேராசை புடிச்சது, எல்லாரையும் விட அதிகமா இழுக்கும். அந்த எடம் படத்துல வெளிச்சமாத் தெரியும். நீங்க நடந்தா காலு இழுக்கும், பேசினா தொண்டை இழுக்கும். அதனால ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்கணும்.”

“பைபிள் வாசிக்கலாமா?”

“அதுவும் வேண்டாம்மா. கம்பளி போத்திக்கோங்க. குளிரக் கூடாது.”

கதவு மூடியது.

வலது மார்பில் கட்டி, வலது கக்கத்தில் ஒரு நெறிக்கட்டி. இரண்டையும் ஊசி விட்டுப் பார்த்தாகிவிட்டது. இனி தெரிய வேண்டியது ஒன்றுதான். கக்கத்தோடு நின்றிருந்தால் அறுவை சிகிச்சை செய்துவிடலாம், பிழைக்க வழி உண்டு என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அதைத் தாண்டி, எதிர்ப்பக்கக் கழுத்துவரைக்கும் போயிருந்தால் கத்தி வைப்பதில் பலனில்லை, மருந்து கொடுத்து இழுத்துக்கொண்டு போகலாம். இழுத்துக்கொண்டு போவது என்றால் என்ன என்று தேவகனிக்குத் தெரியும். அவளுடைய அக்கா ஈவாஞ்சலினை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு அது கழுத்துக்கு வந்த அன்றைக்கு, அவள் கழுத்துச் சங்கிலி ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டவளே தேவகனிதான்.

“ஏளா, என்ன இப்படி மல்லாந்து கெடக்க? உரிச்ச கோழி மாதிரி.”

அந்தக் குரல் கேட்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்க்காமலும் இல்லை. அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்திலேயே அது தொடங்கிவிட்டது. அடுப்படியில், பஸ்ஸில், துணி காயப்போடும் மொட்டைமாடியில். காதுக்குள் என்று சொல்ல முடியாது, வெளியே என்றும் சொல்ல முடியாது. அக்கா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியபோது இருந்த அதே தொண்டைக்கட்டு, அதே நக்கல். தேவகனி தாழ்ந்த குரலில் பதில் சொல்வாள். பதில் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. ஹார்பர் கன்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது. பெரிய கப்பலோ, வயர்லெஸ் செட்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியாத நாட்டுப்படகுக்காரனோ, கூப்பிட்ட குரல் எதுவானாலும் பதில் இல்லாமல் விடக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். ‘ஸ்டாண்ட் பை’ என்றாவது சொல்ல வேண்டும். இருட்டில் இருக்கிறவனுக்குத் தன்னை யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் போதும்.

“பேசக் கூடாதாம்க்கா” என்றாள் தேவகனி.

“யாரு, அந்த ஒல்லிக்குச்சியா சொன்னா? என்னைய மதுரைக்குல்லா இழுத்துட்டுப் போனீங்க, வழி பூரா வாந்தி. உனக்கு ஊருக்குள்ளயே மிஷினு. கொடுத்து வச்சவ.”

தேவகனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இப்போது கேமராவுக்கு அவள் முதுகுதான் தெரியும்.

“பயமா இருக்காளா?”

“இருக்குக்கா.”

“எனக்கும் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லல.”

இதை அக்கா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று தேவகனி கேட்டாள். அக்கா ஏதோ சொன்னாள். பிறகு சத்தம் வராமல் அழுததில் தேவகனியின் கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டது. பிறகு அக்கா மதுரை ஆஸ்பத்திரி நர்ஸைப் போல நடித்துக் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. “குளிருதுளா இங்கன” என்று அக்கா சொன்னபோது தேவகனி கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, கம்பளியை விலக்கி காலியான பக்கத்தில் போர்த்திவிட்டாள். சரண்யாதேவி வந்து கதவைத் தள்ளும்வரை நடுங்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் முடிந்து படத்தைக் காட்டும்போது டாக்டர் இந்துமதி நாற்காலியை அவர்கள் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டார். தேவகனியின் வீட்டுக்காரர் ஜேசுபாதம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உடம்பு. அது தான்தான் என்று நம்ப தேவகனிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மார்பில் ஒரு கங்கு. கக்கத்தில் ஒன்று. அதற்கு மேலே, கழுத்து முழுவதும் வெளிச்சம்.

“கக்கத்துல இருக்கறது நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான். இங்க பாருங்க, தொண்டையில ரெண்டு பக்கமும் பிரகாசமா இருக்கு. கழுத்துத் தசையும் எரியுது. இதெல்லாம் பேசினா வரும். குளிர் அடிச்சாலோ ரொம்பப் பயந்தாலோ கழுத்துல இருக்கிற ஒருவகைக் கொழுப்பும் இப்படிக் காட்டும். ஆனா இந்த வெளிச்சத்துக்கு நடுவுல, இடது காரை எலும்புக்குப் பின்னால, சின்னதா ஒண்ணு இருக்கு. அது கொழுப்பா நெறியான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. ரத்தக்குழாயை ஒட்டி இருக்கறதால ஊசி விட்டுப் பாக்கறதும் கஷ்டம்.” அவர் தேவகனியைப் பார்த்தார். “உள்ள இருக்கும்போது பேசினீங்களாம்மா? போன்ல, இல்ல தனக்குத்தானே?”

“இல்ல டாக்டர்.”

“குளிரிச்சா?”

“இல்ல. கம்பளி இருந்துச்சு.”

பக்கத்தில் ஜேசுபாதத்தின் மூச்சு கேட்டது. அவர் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர். ஒருமுறை ஜெபக்கூட்டத்தில் ஜெயபாய் என்கிற அம்மா, செத்துப்போன கணவர் தன்னோடு தினமும் பேசுவதாகச் சொன்னபோது, ஜேசுபாதம் கோபமே இல்லாமல், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவரைப் போலச் சொன்னார்: “மரிச்சவங்க கர்த்தர்கிட்ட இருக்காங்க, சிஸ்டர். அவங்க குரல்ல பேசுதது வேற ஆவி.” அந்தம்மா அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. தேவகனி அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்க பேசலைன்னா” என்றார் டாக்டர், “நான் இதைச் சந்தேகம்னுதான் எழுதணும். சர்ஜன்கிட்டயும் சொல்லணும். ஆபரேஷனை இப்போதைக்கு நிறுத்தி வைப்பாங்க.”

வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது ஜேசுபாதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பச்சை விழுந்து பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகும் விடவில்லை.

தன் வாயால் தன்னைக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ‘பேசினேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அக்கா யார் என்ற கேள்வி வரும். அவள் இவ்வளவு நாளும் கேட்காமல் தள்ளி வைத்திருந்த கேள்வி. வேறு ஆவியாக இருந்தால்? உயிரோடு இருந்தபோது சொல்லாத பயத்தை இப்போது வந்து சொன்னவள் அக்காதானா? தன் பயத்துக்கே அக்காவின் குரலைக் கொடுத்துத் தான் பேசவைத்துக்கொண்டிருக்கிறோமா? மூன்றில் எது உண்மையானாலும் அவளுக்குத் தாங்காது. அக்காவிடமே கேட்டாள். “எனக்கென்ன தெரியும், நான் பாட்டன் பூட்டன் காலத்துப் பேயா?” என்றாள் அக்கா.

சனிக்கிழமை சாயங்காலம் ஜேசுபாதம் மறுநாள் ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேவகனி அறை வாசலில் வந்து நின்றாள்.

“நான் பேசினேன்.”

“எங்க?”

“அந்த ரூமுல. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட பேசின?”

“அக்காகிட்ட.”

இஸ்திரிப்பெட்டி சட்டைக் காலரின் மேல் அப்படியே நின்றது. துணி கருகும் வாடை வரத் தொடங்கியபோதுதான் அவர் அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்.

“அந்த ரூமுல மட்டுமா?”

“இல்ல. அவ போனதுல இருந்து.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். வேத வசனம் ஒன்று வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அவர் சட்டையின் கருகின இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“மதினி என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுதாங்களா?”

உண்மையைச் சொன்னாள். “பிரஷர் மாத்திரைய நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சிருந்து வாஷ்பேசின்ல துப்பிடுதீங்களாம். நான் பாக்கலன்னு நெனைச்சுக்கிட்டு.”

ஜேசுபாதத்தின் முகம் சிவந்தது. சின்ன வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தார்.

“தலை சுத்துது, அதான்” என்றார். பிறகு, “அது மதினிதான்.”

“எப்படிச் சொல்லுதீங்க?”

“வேற ஆவிக்கு என் பிரஷர் மாத்திரை மேல என்ன அக்கறை?”

சிரிக்கிறாரா என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் முழங்காலில் கை வைத்து, “உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது கனி. மத்ததை நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிடுதேன்” என்றார்.

அவரே டாக்டருக்குப் போன் போட்டார். நிமிர்ந்து நின்று, அசெம்பிளியில் பேசுகிற குரலில்: “டாக்டர், என் மனைவி அன்னைக்குப் பேசியிருக்கா. நெறையவே பேசியிருக்கா. கம்பளியும் போத்தல. யார்கிட்டன்னு மட்டும் கேக்காதீங்க.” டாக்டர் கேட்கவில்லை. சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். வரும்போதே கெட்டியாக உடுத்திக்கொண்டு வரட்டும், பதற்றத்தைக் குறைக்க ஒரு மாத்திரை தருகிறோம். ஆனால் இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது.

மறு ஸ்கேனுக்கு முந்தின நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு தேவகனி சொன்னாள்: “அக்கா, நாளைக்கு மட்டும் வராத. ஒரே ஒரு நாளு.” பதில் இல்லை. அக்காவிடமிருந்து பதில் வராதது அதுதான் முதல் தடவை.

சரண்யாதேவி இந்த முறை இரண்டு கம்பளி கொண்டு வந்தாள். ஏசியை அணைத்தாள். “அம்மா, ஒண்ணு சொல்லுதேன். உதட்டை அசைக்காம உள்ளுக்குள்ள பேசுனாக்கூட நாக்கும் தொண்டையும் லேசா வேலை செய்யும். மனசுக்குள்ள ஜெபம்கூட வேண்டாம். சாமி கோவிச்சுக்கிடாது. சும்மா எதையாவது பாத்துக்கிட்டு இருங்க.”

மாத்திரை உடம்பைத் தளர்த்தியிருந்தது. சுவரில் சுவிட்சின் சிவப்புப் புள்ளியை தேவகனி பார்த்துக்கொண்டிருந்தாள். தாடையைத் தொங்கவிட்டாள். நாக்கு வாய்க்குள் படுத்திருந்தது. அவள் நாக்கைப் பற்றி அதுவரை நினைத்ததே இல்லை. எவ்வளவு பெரிய மிருகம் அது.

“ஏளா.”

சிவப்புப் புள்ளி.

“ஏளா கனி. தூங்குதியா? … கோவமா? வராதன்னு சொன்னியே, வந்துட்டேன்னா?”

அவள் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சரி, பேசாத. நான் பேசுதேன், நீ கேளு. அந்த டாக்டரம்மா மூக்குத்தி நல்லாருக்குல்லா? உன் மாப்ள இப்பம் மாத்திரைய முழுங்குதாரு, பாத்தியா? நீ என்னைய மாட்டி விட்டுட்ட. போட்டும்.”

அக்கா ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். அந்த இடைவெளிகளில்தான் தேவகனியின் ‘ம்’ விழ வேண்டும். எப்போதும் விழும். இப்போது அந்த இடங்கள் காலியாகக் கிடந்தன. பல்லுப் போன இடத்தைப் போல.

“ஒண்ணு சொல்லட்டா?” குரலில் நக்கல் போய்விட்டிருந்தது. “இங்கன எனக்குத் தெசையே தெரியலளா. ஒரே மாதிரி இருக்கு. நீ பேசும்போதுதான் ஓம் பக்கம் எதுன்னு தெரியும். அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் வருவேன். அதனால ஒரு வார்த்த சொல்லு. ‘ம்’னு சொன்னாக்கூடப் போதும்.”

கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. அழுகையைக் கழுத்துக்கு விடக் கூடாது என்று அவள் உடம்பு தானாகவே அறிந்திருந்தது. திசை தவறிய படகுக்காரர்களின் குரல் அவளுக்குத் தெரியும். முதலில் சத்தமாகக் கூப்பிடுவார்கள். பிறகு அடக்கமாக, கெஞ்சாதது போலக் கெஞ்சுவார்கள். அவர்களில் ஒருவனைக்கூட அவள் பதில் இல்லாமல் விட்டதில்லை.

உயிரோடு இருக்க வேண்டும் என்று தனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. நல்ல மனுஷி என்றும், வருவதை ஏற்றுக்கொள்கிறவள் என்றும்தான் தன்னை நினைத்திருந்தாள். இப்போது படுத்துக்கொண்டு, தன் அக்காவுக்கு ஒரு ‘ம்’ கொடுக்காமல், எல்லாவற்றையும் தனக்கே வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேராசையும் படத்தில் எங்காவது எரியும் என்று நினைத்தாள்.

“கனி.” இந்தத் தடவை குரல் கால்மாட்டிலிருந்து வந்தது.

“கனி?” கதவுப் பக்கம்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அவள் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு அக்கா கூப்பிடுவது கேட்டது. தப்பான பக்கம். அங்கே இல்லை, இங்கன இருக்கேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தேவகனி சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒருமுறை. அப்புறம், கீழே எங்கோ. அதற்குப் பிறகு வந்தது அவளுடைய பெயர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கதவு திறந்தது. “சூப்பர்ம்மா. கல்லு மாதிரி இருந்தீங்க” என்றாள் சரண்யாதேவி.

மத்தியானம் டாக்டர் இந்துமதி இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதுப்படத்தில் கழுத்து இருண்டிருந்தது. காரை எலும்புக்குப் பின்னால் இருந்த சின்ன வெளிச்சமும் இல்லை. கக்கத்தில் அந்த ஒன்று மட்டும், மார்பில் அந்த ஒன்று மட்டும்.

“கழுத்து சுத்தம்மா. அன்னைக்குக் காட்டினது குளிரும் பேச்சும்தான். சர்ஜன்கிட்ட பேசிட்டேன், ஆபரேஷன் பண்ணலாம்னுட்டாங்க.”

“ஸ்தோத்திரம்” என்றார் ஜேசுபாதம். அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

தேவகனி பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், அந்தப் படம் ஒண்ணு எனக்குக் கிடைக்குமா?”

“எது, இதுவா? இது சரியில்லாத படம்மா. சர்ஜனுக்குப் புதுசுதான் வேணும். இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?”

“இருக்கட்டும் டாக்டர். குடுங்க.”

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பிலிமில் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். “இன்னைக்குச் சின்னப் பிள்ளைங்க பக்கத்துல போகாதீங்க. நாளைக்கு மருந்து போயிரும்” என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் ஜேசுபாதம் சாவியைப் போட்டார். திருகவில்லை.

“வந்தாங்களா?”

“வந்தா.”

“நீ?”

“பேசல.”

ரோட்டில் உப்பு லாரி ஒன்று போனது. அவர் அது போகும்வரை காத்திருந்தார். “இனிமே பேசலாம்லா? இப்பம் கூப்பிட்டுப் பாரேன்.”

அவள் வாயைத் திறந்தாள். “அக்கா” என்றாள். காருக்குள் அந்தச் சத்தம் சின்னதாக இருந்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை, வயர்லெஸ்ஸில் பேசுகிற தெளிவான குரலில், “அக்கா, இங்கன இருக்கேன்” என்றாள்.

ஜேசுபாதம் அவள் முகத்தையே பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அவர் அவள் மடியிலிருந்து உறையை எடுத்து, படத்தை உருவி, வெயிலுக்கு எதிராகக் காரின் முன்கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். சாம்பல் உடம்பு, தொண்டையில் அந்த வெளிச்சம். மேலும் கீழுமாகத் தேடினார்.

“இதுல மதினி எங்க இருக்காங்க?”

தேவகனி கையை நீட்டி அந்த வெளிச்சத்தின் மேல் விரலை வைத்தாள்.